இடது பக்கத்து சீட்

அத்தியாயம் 11

அறுபத்து மூன்று மணி நேரம், இருபது நிமிடம் என்று ஜெபிஷா படித்துச் சொன்னாள்.

"எங்க பாத்துச் சொன்ன?" என்றார் சத்தியராஜ்.

"டிவி நடுவுலதான் டாடி."

"கண்ண ஓரமா ஓட்டலியே?"

"ஓட்டல டாடி. நேராத்தான் பாத்தேன்."

புதன்கிழமை காலை ஆறு பத்து. டிவியின் வலது மூலையில் சின்ன எழுத்தில் அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அது பூஜ்யமாகும். அப்போது 'லாஸ்ட் ஃபெரி' என்கிற கேம் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் திறக்கும். இருவர் சேர்ந்து விளையாட வேண்டியது. ஒருவர் படகோட்ட வேண்டும், இன்னொருவர் விளக்கைப் பிடிக்க வேண்டும். அதற்காக ஒரு வருடமாகக் காத்திருப்பது ஜெபிஷா இல்லை. நாற்பத்தொன்பது வயதான, கொரட்டூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற, அவளுடைய அப்பா.

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் இரண்டு வருடம் மூடிக் கிடந்தது. வேன் ஷெட்டில் நின்றது. அண்ணன் ரூபஸ் வாங்கிப் போட்டிருந்த கேம் பெட்டியை அப்போதுதான் சத்தியராஜ் தொட்டார். ரூபஸ் வேலை கிடைத்து ஓசூர் போனான். பெட்டி அப்பாவோடு தங்கிவிட்டது.

"பகல் பூரா வண்டி ஓட்றது பத்தலியா? ஊட்டுக்கு வந்தும் டிவில வண்டியா?" என்று அம்மா சகாயமேரி கேட்காத நாள் இல்லை.

"அந்த வண்டிக்கு டீசல் போட வேணாம் மேரி."

அவர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். கேமின் முன்னோட்டத்தைத் திறந்தார். எந்த கேமிலும் முதலில் வருகிற அதே பக்கம்தான் வந்தது. கறுப்புத் திரையில் மூன்று விளக்குப் படங்கள். கீழே வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கோடு. வலது விளக்கு பளிச்சென்று தெரிய வேண்டும், நடு விளக்கு மங்கலாகத் தெரிய வேண்டும், இடது விளக்கு மறைகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

"இடது வெளக்கு தெரியுதா ஜெபி?"

"தெரியுது."

"கொறைக்கிறேன். இப்போ?"

"லேசா தெரியுது."

"இன்னும் கொறைக்கிறேன். இப்போ?"

"ரொம்ப லேசா. ஆனா தெரியுது டாடி."

அவர் மூச்சை விட்டார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு மாதமாகத் தினமும் காலையில் இது நடக்கிறது. ஒரு மாதமாக அவள் இதை விளையாட்டுக்கு முந்தைய ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தாள், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஞாயிறு அன்று அப்பா கோயிலில் இருந்தார். அவள் தனியாக அவருடைய கணக்கில் நுழைந்து பார்த்தாள். வெளிச்சக் கோடு வலது கோடியில் இருந்தது. அதற்கு மேல் கூட்ட முடியாது. மூன்று விளக்குகளும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போயிருந்தன. திரையின் மூலையில் இருக்க வேண்டிய வரைபடம், கடிகாரம், உயிர் அளவு எல்லாவற்றையும் யாரோ நடுவுக்கு இழுத்து வைத்திருந்தார்கள்.

பீரோ கதவின் உள்பக்கம் அவர் ஒட்டியிருந்த தாளையும் அன்றுதான் கவனித்துப் பார்த்தாள். 'வரப்போறது' என்று தலைப்பு. அவர் கையெழுத்தில் ஏழு கேம்களின் பெயர், பக்கத்தில் தேதி. மழைக்கால மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற கேம் ஒன்று, அடுத்த ஏப்ரலில் வருவது, அதற்கு மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். 'லாஸ்ட் ஃபெரி'யைத் தவிர மற்ற ஆறையும் அடித்திருந்தார். லாரியையும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து வந்தது. மாடு இடித்தது என்றார் அப்பா. உடைந்த சட்டத்தில் மின்கம்பத்தின் சாம்பல் நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

ஜெபிஷா பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு சின்ன லேபில் வேலை. அங்கே ஒரு தடவை எடுத்த அளவை யாரும் அளவு என்று எழுத மாட்டார்கள். மூன்று தடவை எடுக்க வேண்டும். கண்ணாடி ஒன்று. கோடு ஒன்று. மூன்றாவதை எடுக்க அவள் இன்று லீவு போட்டிருந்தாள்.

அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்தது.

"டாடி, நானும் வேன்ல வர்றேன். முகப்பேர்ல மோகனப்பிரியாவப் பாக்கணும்."

சத்தியராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றது.

"பஸ்ல போயேன்."

"வேன் அந்தப் பக்கம்தான போவுது?"

"பின்னாடி எடம் இருக்காது. புள்ளைங்க பதினொண்ணு."

"முன்னாடி உக்காந்துக்கறேன்."

சமையலறையிலிருந்து சகாயமேரியின் குரல் வந்தது. "பொண்ணு ஒரு நாளு வர்றேன்னா அதுக்கு இவ்ளோ யோசனையா? கூட்டினு போயேன்!" அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவு. ஏழு மணி ஷிப்டுக்கு டப்பாவில் எலுமிச்சை சாதம் அடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்குப் புதன்கிழம. மத்தியானம் பர்மிஷன் போட்டு வந்துடுவேன், கோயில்ல நவநாள் ஜெபத்துக்குப் போவணும். ரூபஸ் கால் காயத்துக்கும் வேண்டிக்கணும்."

ரூபஸ் போன வாரம் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது பைக்கோடு ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தான். நான்கு தையல். போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றைக்கு அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார்.

* * *

ஏரிக்கரைத் தெருவில் முதல் நிறுத்தத்திலேயே தகராறு.

"அக்கா, அது என் சீட்டு" என்றாள் தீபிகா. ஐந்தாம் வகுப்பு. இரட்டைச் சடை. கையில் ஒரு ரஃப் நோட்டு.

"இன்னிக்கு ஒரு நாள் அக்காவுக்குக் குடும்மா" என்றார் சத்தியராஜ். குரலில் கெஞ்சல் இருந்தது.

"அப்போ பாயிண்ட்டு யாரு எடுப்பா?"

"இன்னிக்கு ஆட்டம் கெடையாது."

"ஏன் அங்கிள்?"

தீபிகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்சீட்டுக்குப் போனாள். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை ஆடியது. வேன் கிளம்பியது.

"இன்னா பாயிண்ட்டு தீபிகா?" ஜெபிஷா திரும்பிக் கேட்டாள்.

"லெஃப்ட்ல எது வந்தாலும் நான் சொல்லணும். ரைட்ல கிருஷ்ணப்பிரியா சொல்லுவா. முதல்ல சொன்னா ஒரு பாயிண்ட்டு. நாய்க்கு ரெண்டு. நான் நூத்தி நாப்பது, அவ தொண்ணூத்தஞ்சு."

"சும்மா ஒரு கேமு" என்றார் சத்தியராஜ் ரோட்டைப் பார்த்தபடி. "புள்ளைங்களுக்கு பொழுது போவணும்ல."

ஜெபிஷா முன்னால் திரும்பி அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

அப்பா நன்றாகத்தான் ஓட்டினார். நேராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. கியர், கிளட்ச், பிரேக், எல்லாம் இருபத்தாறு வருடப் பழக்கம். ஆனால் தலை மட்டும் ஓயாமல் திரும்பியது. இடது, வலது, இடது. மின்விசிறி மாதிரி. முன்பு அவர் அப்படி ஓட்டியதில்லை.

அவள் ஒரு சோதனை செய்தாள். அவர் நேராகப் பார்க்கும்போது வலது கையை மெல்லத் தூக்கி, அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு விரலைக் காட்டினாள். அவர் கவனிக்கவில்லை. விரலைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனாள். இல்லை. இன்னும் முன்னால். கை ஏறக்குறைய வண்டியின் முன்கண்ணாடியைத் தொடுகிற இடத்துக்கு வந்த பிறகுதான், "இன்னாடி பண்ற? ஈயா?" என்றார்.

"ஆமா டாடி. ஈ."

மூன்றாவது அளவு அதுதான். அதை அவள் மனதில்கூட எழுதிக்கொள்ளவில்லை.

எஸ்டேட் ரோட்டில் ஏறுகிற முனை. ஷிப்ட் விடுகிற நேரம். இடது சந்திலிருந்து தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டு ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்துகொண்டிருந்தது. ஜெபிஷா அதைப் பார்த்தாள். ஓட்டுகிறவன் பீடியை வாயில் மாற்றுவதைக்கூடப் பார்த்தாள். அப்பா வேகத்தைக் குறைப்பார் என்று நினைத்தாள். எந்த டிரைவரும் குறைப்பான்.

வேன் குறையவில்லை.

"லெஃப்ட்! அங்கிள், லெஃப்ட்!"

பின்னாலிருந்து தீபிகாவின் அலறல். சத்தியராஜ் பிரேக்கை மிதித்தார். பதினோரு பைகளும் டப்பாக்களும் முன்னால் சரிந்தன. யாரோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. வேனின் மூக்குக்கும் கேனுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"யோவ்! கண்ணு இன்னா பின்னாடியா கீது?" மீன்பாடிக்காரன் கத்தினான். "ஸ்கூல் வண்டியா ஓட்ற நீயி? புள்ளைங்கள கொல்றதுக்கா ஏத்தினு வர்ற?"

சத்தியராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு சின்ன உரசலுக்கே இறங்கி நின்று நியாயம் கேட்கிற மனிதர் அவர்.

பின்சீட்டிலிருந்து தீபிகா எட்டிப் பார்த்தாள். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, நீ ஏன் சொல்லல? அந்த சீட்டுல உக்காந்தா சொல்லணும். அது அந்த சீட்டு வேல."

அடுத்த முனையிலிருந்து ஜெபிஷா சொல்ல ஆரம்பித்தாள். இடது பைக். இடது ஆட்டோ. இடது ஒரு அம்மா, கையில் குழந்தை. பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அவள் நிறுத்தவில்லை. அப்பா ஒரு தடவைகூட, ஏன் சொல்கிறாய் என்று கேட்கவில்லை.

வாசலில் பக்கத்து வேன் நாகேந்திரன் டீ கிளாசோடு வந்தார். "இன்னா அண்ணாத்தே, படகு எப்போ வுடறாங்க?"

"வெள்ளிக்கெழம."

"வெள்ளி ராத்திரி ஆரம்பிச்சா திங்கக்கெழம காலைல வண்டி எடுப்பியா நீ? தூங்கிடுவ அண்ணாத்தே!" அவர் சிரித்தார். சத்தியராஜும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிந்த இடத்தில் அவர் முகம் எப்படி ஆனது என்பதை ஜெபிஷா பார்த்துவிட்டாள்.

அவள் மோகனப்பிரியா வீட்டுக்குப் போகவில்லை. காலி வேனில் அதே சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் இருவரும் பேசிய வார்த்தைகள் இவ்வளவுதான்: இடது பஸ். இடது சைக்கிள். இடது ஒண்ணும் இல்ல, போ டாடி.

* * *

மதியம் இரண்டு நாற்பதுக்கு வேன் கிளம்ப வேண்டும். மூன்று பத்துக்குப் பள்ளிக்கூடம் விடும்.

இரண்டரைக்கு சத்தியராஜ் முகம் கழுவிவிட்டு வந்தார். டிவியைப் போட்டு மணிக்கணக்கைக் கிட்டே போய்ப் பார்த்தார். ஆணியில் கையை வைத்தார். சாவி இல்லை.

"ஜெபி, சாவி எங்க?"

"எங்கிட்ட கீது."

"குடு. நேரமாவுது."

அவள் முஷ்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இருபத்து மூன்று வயதில் அப்பாவிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை. "குடுக்க மாட்டேன் டாடி."

"வெளையாடாத. புள்ளைங்க வெயில்ல நிக்கும்."

"வெயில்ல நிக்கட்டும். ஒண்ணும் ஆவாது."

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். வழியில் இருந்த ஸ்டூலில் கால் இடித்தது. பகல் இரண்டரை மணி வெளிச்சத்தில், தினமும் அதே இடத்தில் கிடக்கிற ஸ்டூல். அவர் அதை முறைத்துப் பார்த்தார், யாரோ இப்போதுதான் கொண்டுவந்து வைத்த மாதிரி.

வாசலில் செருப்புச் சத்தம். சகாயமேரி கையில் மெழுகுவத்திப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். "இன்னாய்யா இன்னும் கெளம்பலியா? மணி இன்னாச்சி?"

"உன் பொண்ணு சாவிய வெச்சினு குடுக்க மாட்றா."

"ஏன்டி? இன்னா ஆச்சி உனக்கு? குடுடி!"

ஜெபிஷா போனை எடுத்தாள். நாகேந்திரன் நம்பரைத் தேடிப் போட்டாள். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"நாகேந்திரன் அண்ணா, நான் ஜெபிஷா பேசறேன். இன்னிக்கு எங்க வேன் புள்ளைங்களையும் நீங்க கொண்டாந்து வுட முடியுமா? ரெண்டு டிரிப்பா?"

"செய்யலாம்மா, அதுக்கு இன்னா. ஏன், வண்டிக்கு எதுனா பிரச்சனையா?"

"ஆமாண்ணா. ரிப்பேர்."

"காலைல நல்லாத்தான ஓடிச்சி? இன்னா ரிப்பேர்?"

அவளுக்குப் பொய் வரவில்லை. சத்தியராஜ் கையை நீட்டினார். முதலில் கை தப்பான இடத்துக்குப் போனது. பிறகு போனைப் பிடித்தது.

"நாகா. வண்டி நல்லாத்தான் கீது. நான்தான் செரியில்ல."

"அண்ணாத்தே? இன்னா சொல்ற?"

"புள்ளைங்கள பத்தரமா ஏத்தினு வந்துடு. நாளைக்கும் நீதான். அப்பறம் பேசறேன்."

அவர் போனை மேசையில் வைத்தார். நாற்காலியின் விளிம்பைத் தடவி உட்கார்ந்தார்.

சகாயமேரி மெழுகுவத்தியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். "செரியில்லன்னா? நெஞ்சு வலிக்குதா? சுகரா? இன்னான்னு வாயத் தொறந்து சொல்லேன்!"

"மேரி, நீ எனக்கு எதுர்ல நிக்கிற. உன் மூஞ்சி தெரியுது."

"அதுக்கு?"

"உன் கை தெரியல. கைல இன்னா வெச்சினு கீறன்னு தெரியல. நேரா பாத்தா ஒரு ஓட்டை வழியா பாக்கற மாதிரி தெரியுது. சுத்தி ஒண்ணும் இல்ல. பொழுது சாஞ்சா அந்த ஓட்டையும் மூடிக்குது."

"எத்தினி நாளா?"

"டாக்டராண்ட போயி ஆறு மாசம்."

சகாயமேரி தலையில் கை வைக்கவில்லை, அழவில்லை. மெழுகுவத்திப் பொட்டலத்தை வேகமாக அவர் மேல் எறிந்தாள். அது அவர் தோளில் பட்டு விழுந்தது. அது வந்தது அவருக்குத் தெரியவில்லை.

"ஆறு மாசம்! பதினோரு புள்ளைங்கய்யா! அவங்கவங்க பெத்தவங்க உன்ன நம்பித்தான ஏத்தி வுடறாங்க? எதுனா ஆயிருந்தா அவங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

"தெரியும் மேரி."

"தெரிஞ்சா ஓட்டின?"

"வெள்ளிக்கெழமையோட நிறுத்திடலாம்னு நெனச்சேன். ஒரு நாள் வெச்சிக்கினேன், அத்தோட சரின்னு. அந்தப் படகு கேமு ஒண்ணு ஜெபியோட ஆடிடணும். அப்பறம் வேன வித்துடலாம்னு."

ஜெபிஷாவுக்குப் பீரோ கதவின் தாள் ஞாபகம் வந்தது. அடித்த ஆறு பெயர்கள். மூன்று நட்சத்திர லாரி. அவருடைய பயத்தை அவர் யாரிடமும் சொல்லாமல் அந்தத் தாளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் ஒன்று பொருந்தவில்லை. லேபில் ஒரு முள் மட்டும் எல்லாவற்றோடும் ஒத்துப்போகாமல் தனியாக நின்றால் வருகிற அந்த எரிச்சல்.

"டாடி, ஒண்ணு கேக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். அவளைக் கண்டுபிடிக்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது.

"உனக்குத் தெரியலன்னா நீ வெளிச்சத்த ஏத்தி வெச்சிக்கற. அது புரியுது. டெய்லி காலைல எனக்கு மட்டும் ஏன் கொறச்சி கொறச்சி கேக்கற? வெளக்கு தெரியுதா, வெளக்கு தெரியுதான்னு? நேரா பாத்துகினு ஓரத்துல படிக்கச் சொல்ற. எனக்குத் தெரிஞ்சா உனக்கு இன்னா?"

சத்தியராஜ் கைகளைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"நீ டெய்லி தெரியுதுன்னு சொன்ன. அதுவே போதும்னு இருந்தேன்."

"இன்னா போதும்?" என்றாள் சகாயமேரி.

"எங்க அப்பா ஞாபகம் கீதா மேரி உனக்கு? ஆறு மணிக்கு மேல ஊட்ட வுட்டு வெளிய வர மாட்டாரு. கல்யாணத்தன்னிக்கு ராத்திரி பந்தல்ல ஒரே எடத்துல குந்தினு இருந்தாரு. பயந்தாங்கொள்ளின்னு நாம எல்லாம் சிரிச்சோம்."

"அதுக்கு இன்னா இப்போ?"

"அது பயம் இல்ல மேரி."

வெளியே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டிவியின் மூலையில் ஐம்பத்து நான்கு மணி நேரம், நாற்பது நிமிடம் ஓடியது. ஜெபிஷா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் எண்கள் தெரிந்தன. தெரிகிறதா என்று அவள் இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.

சத்தியராஜ் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ரத்தத்துல வர்றதாம். அவருகிட்டருந்து எனக்கு வந்துகீது. ஓசூர்ல இருக்கறவனையும் இவளையும், ரெண்டு புள்ளைங்களையும் உடனே கூட்டினு வந்து கண்ண காட்டுன்னு அந்த டாக்டரு எழுதிக் குடுத்து ஆறு மாசம் ஆவுது மேரி."